பக்கத்து இருக்கை பிரேக்

ஜூன் 4

அன்புள்ள மாஸ்டருக்கு,

நலம். நீயும் நலமா என்று கேட்கும் உரிமை இப்போது எனக்கு உண்டா என்று தெரியவில்லை. உரிமை இல்லாமலே கேட்கிறேன்.

"ஒரு மாசத்துக்கு ஃபோன் பண்ணாதீங்க. நான் பேசுறப்போ நடுவுல புகுந்து மோதுறீங்க. எழுதுங்க. அதுல யாரும் யார்மேலயும் மோத முடியாது" என்று வாசலில் நின்று சொன்னாய். அதன்படியே எழுதுகிறேன். இங்கிருந்து தபால் இரண்டு நாளில் வந்துவிடும் என்றார்கள்.

தலைமை அலுவலகத்து விடுதியில் மூன்றாம் மாடியில் அறை கொடுத்திருக்கிறார்கள். ஜன்னலுக்குக் கீழே நான்கு சாலைகள் சந்திக்கின்றன. நேற்று மாலை ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஹெல்மெட்டை முழங்கையில் மாட்டிக்கொண்டு போனவர்கள் நாற்பத்தொரு பேர். முழங்கையைப் பாதுகாப்பதில் இந்த ஊர் மிகவும் முன்னேறியிருக்கிறது.

அறிக்கை வேலை நடக்கிறது. உலகத்தில் ஆண்டுக்குப் பன்னிரண்டு லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவானவர்கள் சாலையில் சாகிறார்கள். பத்தாண்டுகளில் இது ஐந்து சதவீதம் குறைந்திருக்கிறது. பாதியாகக் குறைப்பதாக எல்லா நாடுகளும் கையெழுத்துப் போட்டிருந்தன. வரைபடத்தில் அந்தக் கோடு மேசைமேல் வைத்த ஸ்கேல் மாதிரி படுத்திருக்கிறது. தலையைச் சாய்த்துப் பார்த்தால்தான் இறக்கம் தெரிகிறது. இதைக் "குறைந்துள்ளது" என்று எழுதுவதா, "சற்றே குறைந்துள்ளது" என்று எழுதுவதா என்று நேற்று முழுநாள் கூட்டம். மதியச் சாப்பாட்டுக்கு முன் "சற்றே" ஜெயித்தது. சாப்பாட்டுக்குப் பின் தோற்றது.

ஞாயிற்றுக்கிழமை நிகழ்வு குறித்து: பிரேக் அழுத்தப்பட்டது. நமது வாகனம் நின்றது. பின்னால் வந்த வாகனம் நிற்கவில்லை. இவை மூன்றும் உண்மை. மேற்கொண்டு சொல்லத் தரவுகள் போதாது.

இன்னொன்று. விபத்து நடந்து முப்பது நாட்களுக்குள் உயிர் போனால்தான் எங்கள் அட்டவணையில் அது சாலை மரணம். முப்பத்தொன்றாம் நாள் போனால் வேறு ஏதோ காரணம் என்று விட்டுவிடுவோம். நீயும் யோசிக்க ஒரு மாதம் வேண்டும் என்றாய். நம் இருபத்திரண்டு வருடத் திருமணத்துக்கு இன்று மூன்றாம் நாள்.

கவலையுடன்,
உன் கணவன் (இன்றைய நிலவரப்படி)


ஜூன் 7

அன்புள்ள புள்ளிவிவரத்துக்கு,

"பிரேக் அழுத்தப்பட்டது." யார் அழுத்தினார்களாம்? பேயா?

உங்களுக்குத் தரவு போதாதென்றால் நான் தருகிறேன். நாம் போனது என் டிரைவிங் ஸ்கூல் வண்டி. பழக வருபவர் தப்புப் பண்ணினால் நிறுத்துவதற்காக, பக்கத்து இருக்கையின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. பத்தொன்பது வருடமாக அதன்மேல் என் கால் தவிர வேறு கால் பட்டதில்லை. நீங்கள் எப்போதும் பின் இருக்கையில்தான் உட்காருவீர்கள், அதுதான் பாதுகாப்பு என்று ஏதோ அட்டவணை சொல்கிறதாம். அன்றைக்கு உங்கள் முதுகுவலிக்கு மெத்தை வாங்கினோம். பின் இருக்கையை மடித்து மெத்தையைச் சுருட்டிப் போட்டோம். வேறு வழியில்லாமல் நீங்கள் என் பக்கத்தில் வந்தீர்கள். வந்து, சரியாக இரண்டு நிமிடம் உட்கார்ந்தீர்கள்.

அப்புறம் இரண்டு காலாலும் மிதித்தீர்கள்.

பின்னால் வந்தது பேக்கரி வேன். மூன்று அடுக்குக் கேக் கண்ணாடியை உடைத்துக்கொண்டு நம் மெத்தைக்குள் வந்துவிட்டது. மெத்தை இல்லாவிட்டால் நம் கழுத்து போயிருக்கும். உங்கள் முதுகுவலிக்கு நன்றி.

போலீஸ்காரர் வந்து, "யாரும்மா பிரேக் போட்டது?" என்று கேட்டார். நான் உங்களைப் பார்த்தேன். நீங்கள் வானத்தைப் பார்த்தீர்கள், மழை வருமா என்று சோதிப்பவர் மாதிரி. அரை நிமிடம் காத்திருந்தேன். அப்புறம் "நான்தான்" என்றேன். ஏன் சொன்னேன் என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. இருபத்திரண்டு வருடப் பழக்கம் வாயில் வந்துவிட்டது போலிருக்கிறது.

நேற்று உரிமம் வழங்கும் அலுவலகத்திலிருந்து நோட்டீஸ் வந்தது. காரணமில்லாமல் திடீர் பிரேக். 27ஆம் தேதி விசாரணை. எனக்குச் சொல்லிக்கொடுக்கும் அனுமதி ஆறு மாதத்துக்குப் போகலாம். பள்ளி வாசலில் "19 ஆண்டுகளாக ஒரு விபத்துகூட இல்லை" என்று ஒரு போர்டு இருக்கிறதே, அதன்மேல் பழைய செய்தித்தாளை ஒட்டி வைத்திருக்கிறேன்.

ஒரு பாதசாரி குறுக்கே வந்ததாக அன்று வீட்டில் சொன்னீர்கள். மறுநாள் அதே இடத்துக்குப் போய்ப் பார்த்தேன். வெள்ளை பிளாஸ்டிக் பை. விளக்குக் கம்பத்தில் சிக்கித் தொங்குகிறது. காயம் எதுவும் இல்லை. நலமாக இருக்கிறது.

மாஸ்டர்


ஜூன் 11

அன்புள்ள மாஸ்டருக்கு,

பை நலமாக இருப்பது குறித்து மகிழ்ச்சி.

ஒரு விளக்கம். சாலையில் சாகிறவர்களில் பாதிக்கு மேல் காருக்குள் இருப்பவர்கள் அல்ல. நடப்பவர்கள், சைக்கிளில் போகிறவர்கள், இருசக்கர வாகனத்தில் போகிறவர்கள். ஐந்து வயதிலிருந்து இருபத்தொன்பது வரை உள்ளவர்களை வேறெந்த நோயும் இந்த அளவுக்குக் கொல்வதில்லை. மேற்படி பை தரையிலிருந்து சுமார் மூன்றரை அடி உயரத்தில், வினாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில், இடமிருந்து வலமாக வந்தது. ஐந்து வயதுக் குழந்தையும் கிட்டத்தட்ட அப்படித்தான் வரும். இதைக் கணக்கில் எடுத்துக்கொண்டால் பிரேக் அழுத்தப்பட்டதில் ஒரு நியாயம் இருப்பது தெரியவரும்.

விசாரணை பற்றி இரண்டு நாளாக யோசித்தேன். அறிக்கை வெளியீடு 26ஆம் தேதி. மேடையில் நான்தான் பேச வேண்டும். "சாலை விபத்து அறிக்கை தயாரித்தவரே விபத்துக்குக் காரணம்" என்று மறுநாள் பேப்பரில் வந்தால், இருநூறு பக்கத்தை யாரும் படிக்க மாட்டார்கள். அந்த ஒரு வரியை எல்லோரும் படிப்பார்கள். உலக நலன் கருதி ஒருவர் சற்றுப் பொறுமையாக இருப்பது சரியல்லவா?

அந்த ஒருவர் நீ என்பது தற்செயல்.

இங்கே தலையணை உயரமாக இருக்கிறது. முதுகு வலிக்கிறது. குறை சொல்வதற்காக எழுதவில்லை, தகவலுக்காக.

பத்தாம் நாள்.

உன் கணவன்


ஜூன் 14

அன்புள்ள புள்ளிவிவரத்துக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். அதில் நீங்கள் நாலைந்து இடத்தில் வருகிறீர்கள். யோசித்தது நீங்கள், மேடையில் பேசப்போவது நீங்கள். பிரேக் வரும் இடத்தில் மட்டும் ஆளையே காணோம்.

இங்கே செய்திகள். பல் டாக்டர் இன்னும் வலது பக்கம் திரும்பும்போது கண்ணை மூடிக்கொள்கிறார். "ஊசி போடுறப்போ நோயாளிங்களைக் கண்ணை மூடிக்கச் சொல்லிப் பழக்கம் மாஸ்டர்" என்கிறார். ரிட்டயர்டு நீதிபதி சிவப்பு விளக்கைப் பார்த்து ஹாரன் அடிக்கிறார். "ஆட்சேபம் தெரிவிக்கலாம்ல?" என்று கேட்டார். அது மேல்முறையீட்டுக்கு உட்பட்டதல்ல என்று சொல்லி வைத்தேன்.

வியாழக்கிழமை பேக்கரி வேன்காரர் வந்தார், கையில் ஒரு சின்னக் கேக்கோடு. அவரும் பத்து வருடத்துக்கு முன் என்னிடம் பழகியவர்தான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"மாஸ்டர், ஒண்ணு கேக்கலாமா? அன்னிக்கு பிரேக் போட்டது நீங்க இல்லதானே?"

"ஏன் கேக்குற?"

"உங்க கால் எனக்குத் தெரியாதா? மொதல்ல தொடுவீங்க, பின்னால வர்றவனுக்கு லைட்டு தெரியும், அப்புறந்தான் அழுத்துவீங்க. எனக்கே அப்படித்தான சொல்லிக் குடுத்தீங்க. அன்னிக்கு லைட்டும் வண்டி நின்னதும் ஒண்ணா நடந்துச்சு. அது சார் கால்."

கேக்கை வாங்கி மேசைமேல் வைத்தேன். அவரே சொன்னார்: "எம்மேலயும் தப்பு இருக்கு மாஸ்டர். கேக்கு சாயுதான்னு ஒரு செகண்ட் திரும்பிப் பாத்தேன். இதை விசாரணையில வந்து சொல்றேன்."

பார்த்தீர்களா? அவருக்கு இருநூறு பக்க அறிக்கை இல்லை. ஒரு வேனும், அதுவும் ஹெட்லைட் உடைந்த வேனும்தான் இருக்கிறது. அவரே "எம்மேல" என்றுவிட்டார்.

மெத்தையைக் காய வைத்திருக்கிறேன். எவ்வளவு துடைத்தாலும் வெனிலா வாசனை போகவில்லை. எறும்புகளுக்கு உங்கள் முதுகைவிட அதிகமாகப் பிடித்திருக்கிறது.

மாஸ்டர்


ஜூன் 19

அன்புள்ள மாஸ்டருக்கு,

"சற்றே" திரும்ப வந்துவிட்டது. ஒரு நாட்டின் பிரதிநிதி தன் நாட்டில் சாவுகள் குறைந்ததை "வெகுவாக" என்று போடச் சொன்னார். எப்படிக் குறைந்தது என்று கேட்டோம். போன வருடத்திலிருந்து எண்ணுவதை மாற்றிவிட்டார்களாம்: சாலையில் செத்தால் மட்டும் கணக்கு, ஆஸ்பத்திரிக்குப் போய்ச் செத்தால் இல்லை. ஆம்புலன்ஸ் எவ்வளவு வேகமாகப் போகிறதோ அவ்வளவு சாவு குறைகிறது. கூட்டத்தில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பாதிச் சிரிப்பில் உன் நினைவு வந்தது. "நம்ம மேல வராதபடி எழுதுறது" என்ற கலையில் அவரும் நானும் ஒரே பள்ளி மாணவர்கள் என்று தோன்றியது.

அறைக்கு வந்து ஒரு வாக்கியம் எழுதப் பார்த்தேன். முதல் முயற்சி: "என் கால் இருந்த திசையில் பிரேக்கும் இருந்தது." இரண்டாவது: "என் கால் அழுத்தியது." காலைத் தனியே விசாரணைக்கு அனுப்ப முடியுமா என்றுகூட ஒரு நிமிடம் யோசித்தேன். மூன்றாவது முயற்சிக்குள் பேனா காய்ந்துவிட்டது. பேனா காய்ந்தது என்பதும் ஒரு தப்பித்தல்தான். வேறு பேனா இருந்தது.

பதினெட்டாம் நாள்.

உன் கணவன்


ஜூன் 21

27ஆம் தேதி, வெள்ளி, காலை பத்து மணி.

இப்போது விளக்கு மஞ்சளில் இருக்கிறது. மஞ்சளைப் பார்த்தால் சிலர் நிறுத்துவார்கள், சிலர் வேகத்தைக் கூட்டித் தப்பித்துவிடப் பார்ப்பார்கள். ஓட்டத் தெரியாத உங்களுக்கு எந்தப் பழக்கம் என்று எனக்கு இன்னும் தெரியாது.

மாஸ்டர்


ஜூன் 24

அன்புள்ள மாஸ்டருக்கு,

நான் பிரேக்கை அழுத்தினேன். இரண்டு காலாலும் அழுத்தினேன். குழந்தை இல்லை, பை. போலீஸ்காரர் கேட்டபோது நான் வானத்தைப் பார்த்தேன். வானத்தில் ஒன்றும் இல்லை.

இதையே முறையான வாக்குமூலமாக எழுதிக் கையெழுத்திட்டு, உரிமம் வழங்கும் அலுவலருக்கு இன்று காலை பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். நகல் இத்துடன். மொத்தம் நாலு பக்கம். இணைப்புகள் மூன்று. சுருக்கமாகத்தான் எழுதினேன்.

அனுப்பும் முன் இயக்குநரிடம் போய்ச் சொன்னேன். வெளியீட்டு மேடையிலிருந்து என்னை எடுத்துவிடலாம் என்றும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார்.

"சாவு ஏதாவது?"

"இல்ல சார்."

"பலத்த காயம்?"

"ஒரு கேக் சார்."

"அப்போ நம்ம அட்டவணையிலயே வராதே. போய் உரையைத் தயார் பண்ணுங்க."

பல வருடமாக நான் கட்டிய அட்டவணை எவ்வளவு பெரிய ஓட்டையோடு இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. உன் போர்டில் ஒட்டிய செய்தித்தாள் அதில் எந்தக் கட்டத்திலும் வராது.

ஏன் அழுத்தினேன் என்று நீ இதுவரை கேட்கவில்லை. கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டு லட்சம் என்று எழுதும்போது எனக்கு ஒன்றும் ஆவதில்லை. ஆனால் நம் ஊர் விபத்துப் படிவங்கள் ஒவ்வொரு மாதமும் என் மேசைக்குத்தான் வருகின்றன. வயது, நேரம், சாலையின் பெயர். அவற்றை முதலில் ஒரு முறை வேகமாகப் புரட்டுவேன். வேலைக்காக இல்லை. நாற்பத்தேழு வயது, பெண், ஓட்டுநர் என்று எதிலாவது இருக்கிறதா என்று பார்ப்பேன். இல்லை என்று தெரிந்த பிறகுதான் எண்ண ஆரம்பிப்பேன். நீ நாள் முழுக்க கண்ணை மூடுகிற பல் டாக்டர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாய். நான் ஆறு மணிக்கு வண்டிச் சத்தம் கேட்கும்வரை ஜன்னலருகில் உட்கார்ந்திருக்கிறேன். பேப்பர் படிப்பதாக நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். அந்த ஞாயிற்றுக்கிழமை முதல்தடவையாக என் காலடியில் ஒரு பிரேக் இருந்தது. இத்தனை வருடம் அறிக்கை எழுதி ஒருத்தரையும் நிறுத்த முடியாதவன் காலில் ஒரு பிரேக் கிடைத்தால் என்ன செய்வான்?

இது விளக்கம் மட்டும்தான். தப்பு என்னுடையது.

இருபத்துமூன்றாம் நாள்.

உன் கணவன்


ஜூன் 28

அன்புள்ள உங்களுக்கு,

விசாரணை நேற்று முடிந்தது.

அலுவலர் உங்கள் வாக்குமூலத்தை எல்லோர் முன்னாலும் சத்தமாகப் படித்தார். முதல் பக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார். இரண்டாம் பக்கத்தில் தண்ணீர் குடித்தார். மூன்றாம் பக்கத்தில் நிறுத்தி என்னிடம் கேட்டார்:

"ஏம்மா, இந்த இணைப்பு ரெண்டு என்ன, பையோட படமா?"

"ஆமா சார். பக்கத்துல இருக்கிறது அஞ்சு வயசுக் குழந்தை. ஒப்பிட்டுப் பாக்கிறதுக்கு."

"குழந்தைக்கு ஏன் கைப்பிடி போட்டிருக்காரு?"

"அதுதான் சார் பை. குழந்தை இந்தப் பக்கம்."

அவர் படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். "இப்படி ஒரு ஆளை வச்சுக்கிட்டு பத்தொன்பது வருஷம் விபத்து இல்லாம ஓட்டியிருக்கீங்க. உங்களுக்கு அனுமதியை ரத்து பண்ணக் கூடாதும்மா, பதக்கம் குடுக்கணும்" என்றார்.

வேன்காரரும் வந்து சொன்னதைச் சொன்னார். என் அனுமதிக்கு ஒன்றும் ஆகவில்லை. முதலில் போலீஸில் பொய் சொன்னதற்கு ஒரு எச்சரிக்கை. அது நியாயம்தான்.

உங்களுக்குத் தண்டனை உண்டு. புதிதாகப் பழகுபவர்களுக்கு நடத்தும் நாலு மணி நேரச் சாலைப் பாதுகாப்பு வகுப்பில் உட்கார வேண்டும். பாடப் புத்தகத்தைப் புரட்டினேன். பாதி உங்கள் அலுவலக எண்கள்தான், அதுவும் பழைய பதிப்பு. தப்பு இருந்தால் கை தூக்கிவிட்டுச் சொல்லுங்கள், நடுவில் புகாதீர்கள். இந்த வட்டாரத்தில் அந்த வகுப்பை நடத்த ஒரே ஒரு பள்ளிக்குத்தான் அனுமதி இருக்கிறது. எந்தப் பள்ளி என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஜன்னல் விஷயம் படித்தேன். அந்தப் பேப்பர் பல நாள் தலைகீழாக இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். உங்களுக்குப் படிக்கும் முறை அப்படி என்று விட்டுவிட்டேன்.

மற்ற விஷயம் பற்றி இன்னும் முடிவுக்கு வரவில்லை. ஒரு மாதம் என்றால் ஒரு மாதம்.

மாஸ்டர்


ஜூலை 1

அன்புள்ள மாஸ்டருக்கு,

அறிக்கை வெளிவந்துவிட்டது. "சற்றே குறைந்துள்ளது" என்றுதான் அச்சாகியிருக்கிறது. மேடையில் உரையைப் படித்து முடித்ததும் ஒரு நிருபர், "உங்க சொந்த அனுபவத்துல விபத்துக்கு முக்கியக் காரணம் என்ன சார்?" என்று கேட்டார். "நான்" என்றேன். அரங்கில் கைதட்டினார்கள். தன்னடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள். விளக்க முயன்றேன், அதற்குள் டீ வந்துவிட்டது.

இன்று முப்பதாம் நாள். இதுவரை வந்த உன் கடிதங்களை வரிசையாக வைத்துப் பார்த்தேன். நான்கு புள்ளிகளை வைத்துக்கொண்டு போக்கு இதுதான் என்று சொன்னால் எங்கள் அலுவலகத்தில் வேலையை விட்டுத் தூக்கிவிடுவார்கள். ஆகவே ஒன்றும் சொல்லவில்லை. கோடு எந்தப் பக்கம் சாய்கிறது என்று தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்ததில் கழுத்து வலி மட்டும் வந்திருக்கிறது.

இன்றைக்குப் பிறகு நீ என்ன முடிவு எடுத்தாலும் அந்த ஞாயிற்றுக்கிழமையைக் காரணம் சொல்ல விதிகளில் இடமில்லை.

பெட்டி கட்டி வைத்திருக்கிறேன். எங்கே போவதற்கு என்றுதான் தெரியவில்லை. உன் பதில் வரும்வரை அறையைக் காலி செய்ய மாட்டேன்.

உன் கணவன்


ஜூலை 2

என்னங்க,

இன்று காலை பெயின்டர் வந்தார். செய்தித்தாளைக் கிழித்துவிட்டு, "மாஸ்டர், இந்த பத்தொன்பதை என்ன பண்றது? அழிச்சிடவா? இல்ல, யாருக்குத் தெரியப்போகுது, இருவதுன்னு போட்டுடவா?" என்று கேட்டார். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஆனாலும் எழுதிவிட்டார். இப்போது போர்டில் இப்படி இருக்கிறது:

"31 நாட்களாக ஒரு விபத்துகூட இல்லை."

மத்தியானத்துக்குள் மூன்று பேர் சேர்ந்துவிட்டார்கள். அதில் ஒரு அம்மா, "எல்லாரும் வருஷக்கணக்குல புளுகுறாங்க, இவங்க ஒருத்தர்தான் உண்மையச் சொல்றாங்க" என்றார். நீதிபதி மட்டும், நாள் எண்ணிக்கையை எந்தத் தேதியிலிருந்து கணக்கிட்டீர்கள் என்று கேட்டார். நேரில் வந்து நீங்களே பதில் சொல்லிக்கொள்ளுங்கள். எண்ணைத் தினமும் மாற்ற வேண்டும் என்று பெயின்டர் சுண்ணக்கட்டி கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அதுவும் உங்கள் வேலை.

பின்கண்ணாடி மாட்ட வண்டியை விட்டிருந்தேன். மெக்கானிக், "இந்த ரெண்டாவது பிரேக்குக்கு ஒரு மூடி போட்டுடவா மாஸ்டர்? பாடம் நடக்காதப்போ பூட்டி வச்சிடலாம்" என்றார். வேண்டாம் என்றுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் வாருங்கள். நிலைய வாசலில் நிற்பேன். பின் இருக்கைதான் பாதுகாப்பு என்று உங்கள் அட்டவணை சொல்லும், தெரியும். அங்கே இடமில்லை. மெத்தையை மாற்றித் தருவதாகக் கடைக்காரர் சொல்லியிருக்கிறார், பழையதைப் போட்டுக்கொண்டு வருகிறேன். நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள். காலை மடக்கிக்கொள்ள வேண்டாம், அங்கேயே வைத்துக்கொள்ளுங்கள். குறுக்கே ஏதாவது தெரிந்தால் முதலில் வாயால் சொல்லுங்கள்.

அந்தப் பை இன்னும் கம்பத்தில்தான் இருக்கிறது. போகிற வழியில் காட்டுகிறேன். தூரத்திலிருந்து பார்க்கும்போது, நீங்கள் சொன்ன மாதிரி, கொஞ்சம் குழந்தை மாதிரிதான் இருக்கிறது.

உங்கள் மனைவி